மண் ஆய்வு முடிவை நம்பலாமா? முதலில் பதிவேட்டைப் பாருங்கள்

சேலம் மாவட்டம் அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் மரவள்ளி, மஞ்சள், பாக்கு, தென்னை, நெல், காய்கறி, பூ எனப் பல பயிர்கள் சாகுபடி செய்யப்படுகின்றன. உரம் வாங்கும் முன் மண்ணை ஆய்வுக்குக் கொடுக்கும் விவசாயிகளும் உண்டு. அவர்கள் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஒரே காட்டு மண்ணுங்க. ரெண்டு இடத்துல கொடுத்தேன். ரெண்டு விதமா முடிவு வருது. எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. கருவி பழுது, மருந்து சரியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எழுத்தில் வரும் தவறுகளும் உண்டு. எழுத வேண்டியதை எழுதாமல் விட்டது, எண் மாறியது, அளவீட்டு அலகு குறிக்காதது ஆகியவைதான் காரணம். இவற்றில் பலவற்றை விவசாயியே தடுக்க முடியும். எப்படி என்று பார்ப்போம்.

அரைக் கிலோ மண், ஒரு துண்டுச் சீட்டு

ஒரு ஏக்கரில் மேல் 6 அங்குல ஆழத்து மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதிலிருந்து நாம் ஆய்வுக்குக் கொடுப்பது அரைக் கிலோ. ஆய்வுக்கூடத்தில் ஒரு சத்தைப் பார்க்க எடுப்பது 5 கிராம் அல்லது 10 கிராம். அந்தச் சிட்டிகை மண்ணுக்கும் உங்கள் நிலத்துக்கும் இடையே உள்ள ஒரே இணைப்பு, பையில் உள்ள சீட்டும் பதிவேட்டில் எழுதிய எண்ணும்தான். உலர்த்தி, சலித்து, தட்டில் வைத்த பிறகு ஒரே ஊர்ச் செம்மண் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். பார்த்து அடையாளம் சொல்ல யாராலும் முடியாது.

ஆய்வுக்கூடத்துக்குள் மண் போகும் வழி இதுதான். மாதிரி வந்ததும் வரவுப் பதிவேட்டில் எழுதி ஆய்வக எண் கொடுப்பார்கள். நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள். பிறகு ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனியாக ஆய்வு நடக்கும். ஒரு விவசாயியின் மண்ணை எடுத்து எல்லாச் சத்துகளையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. பல மாதிரிகளை வரிசையாக வைத்து அன்றைக்கு ஒரு சத்தை மட்டும் பார்ப்பார்கள். எனவே வரிசையில் ஓர் எண் தவறினால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேரின் முடிவும் ஒரு வரி நகர்ந்துவிடும். உங்கள் நிலத்தின் சாம்பல் சத்து பக்கத்து ஊர்க்காரரின் அட்டையில் ஏறிவிடும்.

பதிவு தவறினால் என்ன நஷ்டம்? மூன்று உதாரணங்கள்

1. சுண்ணாம்புத் தன்மை எழுதாதது

சேலம், நாமக்கல் சமவெளியில் செம்மண்ணும் சுக்கான் கலந்த மண்ணும் அடுத்தடுத்து வரும். சுக்கான் மண்ணில் மரவள்ளியின் நுனி இலைகள் வெளுத்துப் போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது இரும்புச் சத்துக் குறைபாட்டின் அறிகுறி.

தமிழ்நாட்டு மண்ணுக்கு இரும்புச் சத்தின் குறைந்தபட்ச அளவு, சுண்ணாம்பு இல்லாத மண்ணில் 3.7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சுண்ணாம்பு மண்ணில் அது 6.3 பி.பி.எம். உங்கள் மண்ணில் இரும்பு 5 பி.பி.எம். என்று வந்தால், சுண்ணாம்பு இல்லாத நிலத்துக்கு அது போதும். சுண்ணாம்பு நிலத்துக்கு அது குறைவு. கருவி காட்டிய எண் சரி. சுண்ணாம்புத் தன்மை என்ற ஒரு கட்டம் காலியாக இருந்தால் பரிந்துரை தலைகீழாகிவிடும். "இரும்பு போதும்" என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வெளுத்த மரவள்ளியைப் பார்க்க வேண்டி வரும்.

2. எத்தனை மடங்கு நீர்த்தது என்று எழுதாதது

சாம்பல் சத்தைப் பார்க்க, 5 கிராம் மண்ணில் 25 மில்லி கரைசல் சேர்த்துக் குலுக்கி வடிகட்டுவார்கள். கருவி காட்டும் அளவை 5 ஆல் பெருக்கி, மீண்டும் 2.24 ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். கருவி 20 காட்டினால், 20 x 5 x 2.24 = 224 கிலோ. இது நடுத்தர அளவு.

சத்து அதிகமுள்ள மண் என்றால் வடிநீரை மேலும் இரண்டு மடங்கு நீர்த்துப் பார்ப்பதுண்டு. அப்போது இறுதி அளவையும் 2 ஆல் பெருக்க வேண்டும். உண்மை அளவு 448 கிலோ. இது அதிகம். நீர்த்ததைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால் அட்டையில் 224 என்றே அச்சாகும். தேவையில்லாத பொட்டாஷை விவசாயி காசு கொடுத்து வாங்கி மண்ணில் கொட்டுவார்.

3. ஏக்கரா, ஹெக்டேரா?

ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு 224 கிலோ என்பதை ஏக்கருக்குச் சொன்னால் சுமார் 90 கிலோ. இரண்டும் ஒன்றுதான். ஆனால் அலகு எழுதாமல் வெறும் "90" என்று மட்டும் இருந்தால், ஹெக்டேர் அட்டவணையோடு ஒப்பிடுபவர் அதைக் "குறைவு" என்பார். இரண்டு ஆய்வுக்கூட முடிவுகள் மோதுவது போலத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் பயன்படும் அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில்:

• தழைச்சத்து: 280க்குக் கீழ் குறைவு; 280 முதல் 450 வரை நடுத்தரம்; 450க்கு மேல் அதிகம்.
• மணிச்சத்து: 11க்குக் கீழ் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22க்கு மேல் அதிகம்.
• சாம்பல் சத்து: 118க்குக் கீழ் குறைவு, 118 முதல் 280 வரை நடுத்தரம், 280க்கு மேல் அதிகம்.

வேறு அட்டவணையைப் பின்பற்றும் ஆய்வுக்கூடங்களும் உண்டு. தழைச்சத்துக்கு 560 வரை நடுத்தரம் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் "குறைவு, நடுத்தரம், அதிகம்" என்ற சொல்லை மட்டும் பார்க்காமல் எண்ணையும் அலகையும் பாருங்கள்.

ஆய்வு முறையையும் கேட்க வேண்டும். மணிச்சத்தைச் சமவெளி மண்ணுக்கு ஓல்சன் முறையிலும், அமிலத்தன்மை உள்ள மலை மண்ணுக்குப் பிரே முறையிலும் பார்ப்பார்கள். ஏற்காட்டு மலையில் ஒரு நிலமும் அடிவாரத்தில் ஒரு நிலமும் வைத்திருப்பவர், முறை தெரியாமல் இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவார்.

நல்ல ஆய்வுக்கூடத்தை எப்படி அறிவது?

கட்டடத்தையும் கருவியையும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எழுதும் முறையைப் பாருங்கள். கீழ்க்கண்டவை அங்கே இருக்க வேண்டும்:

• மாதிரி கொடுத்த உடனே ஆய்வக எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு. எண்கள் இடையில் விடாமல் தொடர்ச்சியாக வர வேண்டும்.
• கருவி காட்டிய அளவை அப்போதே பதிவேட்டில் எழுதுவது. துண்டுக் காகிதத்தில் எழுதி, மாலையில் பார்த்து நிரப்பும் பழக்கம் ஆபத்து.
• தவறாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இடுவது. வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. பழைய எண் என்ன என்பதும் தெரிய வேண்டும்.
• ஒவ்வொரு வரிசையிலும் மண் சேர்க்காத வெறும் கரைசல் ஒன்றும், முடிவு ஏற்கெனவே தெரிந்த மண் ஒன்றும் வைத்துப் பார்ப்பது. தெரிந்த மண்ணுக்கே தவறான முடிவு வந்தால் அன்றைய வரிசை முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும்.
• தராசும், கார அமில நிலை பார்க்கும் கருவியும் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டன என்ற குறிப்பு.
• ஆய்வு செய்தவர், சரிபார்த்தவர் என இருவர் கையெழுத்து.
• அறிக்கை கொடுத்த பிறகும் மீதி மண்ணைச் சில காலம் எண்ணுடன் பாதுகாப்பது. சந்தேகம் வந்தால் அதே மண்ணை மறுபடி பார்க்க அதுதான் வழி.

"மறு ஆய்வு செய்து தர முடியுமா, மீதி மண் இருக்கிறதா?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஒழுங்காகப் பதிவு வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். பதிவேட்டைப் புரட்டிக் காட்டுவார்கள்.

விவசாயி எழுத வேண்டியவை

பதிவு ஆய்வுக்கூட வாசலில் தொடங்குவதில்லை. உங்கள் வரப்பில் தொடங்குகிறது. ஒரே ஊரில் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து உள்ளவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. சீட்டில் இவற்றை எழுதுங்கள்:

• பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், செல்பேசி எண்.
• சர்வே எண், உட்பிரிவு, நிலத்தை நீங்கள் அழைக்கும் பெயர் (மேக்காடு, கிணத்துக்காடு என்பது போல).
• மண் எடுத்த தேதி, எடுத்த ஆழம்.
• இறவையா, மானாவாரியா.
• முந்தைய பயிர், அதற்கு இட்ட உரம், அடுத்து வைக்கப் போகும் பயிர்.
• சுக்கான், உப்புப் படிவு, தண்ணீர் தேங்குதல் போன்றவை இருந்தால் அந்தக் குறிப்பு.

ஆழம் எழுதுவது மிக அவசியம். நெல், கடலை, பயறு வகைகளுக்கு 6 அங்குலம். மரவள்ளி, வாழை, கரும்பு, பருத்திக்கு 9 அங்குலம். தென்னை, பாக்கு, மா போன்ற மரப்பயிர்களுக்கு 1 அடி, 2 அடி, 3 அடி என மூன்று மாதிரிகள் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்று பையிலும் ஒரே சீட்டை வைத்தால் மேல் மண் எது, அடி மண் எது என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது.

மண் எடுக்கும்போது வரப்பு ஓரம், எருக்குழி அருகு, மர நிழல், வாய்க்கால் ஓரம் தவிர்த்து 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் வெட்டி எடுத்துக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர் பங்குகளைக் கழித்து அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். உரமிட்ட சூட்டோடு எடுக்க வேண்டாம். உரச் சாக்கு, உரப் பையில் போட வேண்டாம். சுத்தமான துணிப்பை நல்லது. சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். ஈர மண் பட்டால் பேனா மை பரவி அழிந்துவிடும். ஒரு சீட்டைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வையுங்கள். இன்னொன்றை வெளியே கட்டுங்கள். பைகளைக் கட்டி முடித்ததும் செல்பேசியில் சீட்டோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு.

மண்வள அட்டை வைத்திருப்பவர்களுக்கு

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானில் உள்ள சூரத்கரில் தொடங்கப்பட்டது. கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 விவரங்கள் அட்டையில் இருக்கும். இந்தப் பன்னிரண்டில் சுண்ணாம்புத் தன்மை இல்லை. சுக்கான் நிலம் வைத்திருப்பவர்கள் அதைத் தனியாகக் கேட்டுப் பார்த்து, அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் பிரித்து எடுத்தார்கள். அதாவது சுமார் 6 ஏக்கருக்கு ஒன்று, 25 ஏக்கருக்கு ஒன்று. சிறு விவசாயி கையில் உள்ள பழைய அட்டை, பக்கத்து நிலத்து மண்ணை வைத்து வந்ததாகவும் இருக்கலாம். அட்டையில் உள்ள மாதிரி எண், சர்வே எண், மாதிரி எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு ஆகியவற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் நிலத்து மண் அல்ல என்றால் புதிதாக ஒரு மாதிரி கொடுப்பது நல்லது.

கோவையின் நூறாண்டுப் பதிவு

ஒரு முறை செய்த ஆய்வு ஒரு பருவத்துக்கு உதவும். தொடர்ந்து வைத்த பதிவு தலைமுறைக்கு உதவும். கோயம்புத்தூரில் இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1909ஆம் ஆண்டு மானாவாரியில் நிரந்தர உரப் பரிசோதனை ஒன்று தொடங்கப்பட்டது. 1925இல் இறவை நிலத்திலும் இன்னொன்று தொடங்கப்பட்டது. உரமே இடாத பாத்தி, தழைச்சத்து மட்டும் இடும் பாத்தி, மூன்று சத்துகளும் இடும் பாத்தி, தொழு உரம் இடும் பாத்தி என்று பிரித்து, எதற்கு என்ன இட்டார்கள், என்ன விளைந்தது என்று எழுதி வந்தார்கள். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் இப்படி நடக்கிறது.

தழைச்சத்தை மட்டும் தொடர்ந்து இட்டால் நிலம் களைத்துப் போகும், சரிவிகித உரத்தோடு தொழு உரமும் சேர்ந்தால்தான் விளைச்சல் நிலைக்கும் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது இத்தகைய நீண்ட காலப் பதிவுகளால்தான். ஒரு வருடத்தில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பாத்தி எது என்ற குறிப்பு நடுவில் தொலைந்திருந்தால் அத்தனை வருட உழைப்பும் வீண்.

உங்கள் நிலத்துக்கும் இதையே செய்யலாம். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பசலி வாரியாகப் பயிரை எழுதுவது போல, நிலம் வாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு நிலத்துக்கு இரண்டு பக்கம் போதும். தேதி, பயிர், ரகம், இட்ட உரம், தெளித்த மருந்து, விளைச்சல் ஆகியவற்றை எழுதி, ஆய்வு அறிக்கையின் நகலை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை, அதே பருவத்தில், அதே ஆழத்தில், முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில் மண்ணைக் கொடுங்கள். அப்போதுதான் கரிமச்சத்து ஏறுகிறதா, உப்பு கூடுகிறதா என்று ஒப்பிட முடியும். இயற்கை வேளாண்மைச் சான்று வாங்க விரும்புவோருக்கு இந்த நோட்டு கட்டாயத் தேவையும்கூட.

பாசன நீருக்கும் இதே விதி

கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் கோடையில் ஒரு விதமாகவும் மழைக்குப் பின் வேறு விதமாகவும் இருக்கும். தேதி எழுதாத நீர் அறிக்கைக்கு மதிப்புக் குறைவு. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரில் கழுவிப் பிடித்து, மூடியில் இடம் விடாமல் நிரப்பி, அன்றைக்கோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், தேதி, பாயும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதுங்கள்.

அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்ற அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவலண்டுக்குள் இருந்தால் பயமில்லை, 2.5 வரை கவனம் தேவை; அதற்கு மேல் போனால் ஜிப்சம் போன்ற சீர்திருத்தம் இல்லாமல் பாய்ச்சுவது மண்ணைக் கெடுக்கும். மார்ச் மாத மாதிரியை நவம்பர் மாத மாதிரி என்று மாற்றிப் பதிந்தால், ஜிப்சம் தேவையா இல்லையா என்ற முடிவே மாறிப்போகும்.

விதை, உரம், மரவள்ளி பாயிண்ட்

விதையில் சந்தேகம் வந்தால் எழுத்துதான் உங்கள் சாட்சி. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி விதை ஆய்வாளர் மாதிரி எடுக்கும்போது மூன்று பங்காக்கி, ஒன்றை யாரிடம் எடுத்தாரோ அவரிடம் கொடுத்து, ஒன்றை ஆய்வுக்கு அனுப்பி, ஒன்றைப் பாதுகாப்பில் வைக்க வேண்டும். ஒருவர் முடிவை மற்றவர் சரிபார்க்க வழி இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

விதைத்த விதையில் மாதிரி மிச்சம் இல்லையே, வழக்கு நிற்குமா என்று விவசாயிகள் தயங்குவதுண்டு. தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. ஆய்வுக்கென்று விதையில் ஒரு பகுதியை விவசாயி ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. ஆனால் எந்தக் குவியல் எண் விதை என்று காட்ட ரசீதும் பையில் தைத்த அட்டையும் வேண்டும். அவற்றை அறுவடை முடியும் வரை நோட்டில் ஒட்டி வையுங்கள். உரம், பூச்சிமருந்துக்கும் ரசீது, தொகுதி எண், தேதி இருக்கட்டும்.

மரவள்ளி விவசாயிகளுக்கு இன்னொரு செய்தி. ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அதுவும் ஓர் ஆய்வு முடிவுதான். ஒவ்வொரு லோடுக்கும் தேதி, வண்டி எண், எடை, கழிவு, பாயிண்ட், அன்றைய விலை ஆகியவற்றைச் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். எந்தக் காடு, என்ன ரகம், எத்தனை மாதப் பயிர் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே காட்டில் வெட்டிய இரண்டு லோடுக்குப் பாயிண்டில் பெரிய வித்தியாசம் வந்தால், சீட்டு கையில் இருப்பவரால்தான் கேள்வி கேட்க முடியும். வாய்க்கணக்கு வைத்தவர் பேச முடியாது.

அறிக்கை கைக்கு வந்ததும்

வீட்டுக்குக் கொண்டு போகும் முன் அங்கேயே நின்று ஐந்து விஷயங்களைச் சரிபாருங்கள்:

1. ஆய்வக எண் உங்கள் ஒப்புகைச் சீட்டோடு பொருந்துகிறதா?
2. சர்வே எண்ணும் ஆழமும் சரியா?
3. ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு இருக்கிறதா? ஏக்கரா, ஹெக்டேரா?
4. சுண்ணாம்புத் தன்மை குறிக்கப்பட்டுள்ளதா?
5. தேதியும் கையெழுத்தும் இருக்கின்றனவா?

ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தால் அப்போதே கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மீதி மண் இருக்குமோ இருக்காதோ.

மண், நீர் மாதிரி எடுக்கும் முறை, அறிக்கையைப் புரிந்துகொள்வது, அதன்படி உர அளவு கணக்கிடுவது ஆகியவற்றுக்கு அயோத்தியாப்பட்டணம் வேளாண்மை விரிவாக்க மையத்தையும், சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். மரவள்ளி, ஆமணக்கு தொடர்பான சந்தேகங்களுக்கு ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. போகும்போது பழைய அறிக்கைகளையும் நில நோட்டையும் கையோடு கொண்டு போங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.